சிபேப் இயந்திரத்தின் பதிவுகளும் அமைப்புகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மருத்துவன் அல்லன். காட்பாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியன். ஸ்லீப் ஆப்னியா என்று டாக்டர்கள் சொல்லும், உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய்க்காக ஒன்பது ஆண்டுகளாக, மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றை ஊதித் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபேப் இயந்திரத்தை மாட்டிக்கொண்டு உறங்குபவன். குடியாத்தம், ஆம்பூர், ஆரணி, வாலாஜா எனப் பழைய வடஆர்க்காட்டின் பல ஊர்களில் இதே இயந்திரத்தை வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது ரெஸ்மெட் நிறுவனத்தின் ஏர்சென்ஸ் 10. ஆகவே எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அதிலிருந்தே வரும்.

காற்றை ஊதுவதைத் தவிர இயந்திரம் இரவு முழுவதும் வேறு என்ன செய்கிறது?

அளக்கிறது. நீங்கள் இழுக்கும், விடும் காற்றின் ஓட்டத்தை நொடிக்கு 25 முறை அளந்து எழுதி வைக்கிறது. 10 நொடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் அதை ஒரு நிகழ்வாகக் குறிக்கிறது; மூச்சு நிற்காமல் குறைந்து போனால் அதைத் தனியாகக் குறிக்கிறது. இவை இரண்டையும் கூட்டி, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை என்று வகுத்தால் வருவதுதான் ஏஹெச்ஐ என்னும் எண். 5க்குக் கீழே இருந்தால் இயல்பு, 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமை என்பது மருத்துவர்கள் பின்பற்றும் பிரிவு.

மூச்சு நின்றால், தொண்டை அடைத்துக்கொண்டதா அல்லது தொண்டை திறந்திருந்தும் மூளை மூச்சு விடச் சொல்ல மறந்ததா என்பதையும் இயந்திரம் கண்டுபிடிக்க முயல்கிறது. மூச்சு நின்ற சில நொடிகளில் காற்றில் மெல்லிய அதிர்வை அனுப்பி, அது எப்படித் திரும்புகிறது என்று பார்க்கிறது. மூடிய கதவையும் திறந்த கதவையும் தட்டிப் பார்த்தே வேறுபடுத்துவது போன்றது இது. இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பது கீழே அழுத்தம் பற்றிய கேள்வியில் தெரியவரும்.

இத்தனை பதிவும் எங்கே போகிறது?

மூன்று இடங்களுக்கு. இயந்திரத்தின் திரையில் சுருக்கம் தெரிகிறது. இயந்திரத்துக்குள் மோடம் இருந்தால், சுருக்கமான தரவு நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கே மருத்துவரோ விற்பனையாளரோ திறந்து பார்க்கும் கணக்கில் சேர்கிறது. மூச்சின் முழு வரைபடமோ, பக்கவாட்டு மூடிக்குள் இருக்கும் எஸ்டி கார்டில் மட்டுமே எழுதப்படுகிறது. கார்டு இல்லாமல் இயந்திரத்தை ஓட்டினால் அந்த இரவின் நுணுக்கமான பதிவு எங்கும் இருக்காது. விற்பனையாளர் கார்டைத் தராமல் இயந்திரத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருந்தால், முதல் வேலையாகக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கடையில் 32 ஜிபிக்கு மேற்படாத சாதாரண எஸ்டி கார்டு ஒன்றை வாங்கிப் போடுங்கள்.

ஆப்பில் தினமும் 95, 98 என்று மதிப்பெண் வருகிறதே, அது போதாதா?

கணக்கு ஆசிரியன் என்ற முறையில் எனக்கு இந்தக் கேள்வி மிகவும் பிடிக்கும். ரெஸ்மெட்டின் மைஏர் ஆப் தரும் 100 மதிப்பெண்ணில் 70 மதிப்பெண் நீங்கள் எத்தனை மணி நேரம் மாட்டியிருந்தீர்கள் என்பதற்கு. மாஸ்க் எவ்வளவு இறுக்கமாக அமர்ந்தது என்பதற்கு 20. எத்தனை முறை கழற்றி மாட்டினீர்கள் என்பதற்கு 5. மணிக்கு எத்தனை முறை மூச்சு நின்றது என்பதற்கு, அதாவது எந்த நோய்க்காக இயந்திரத்தை வாங்கினோமோ அந்த நோய்க்கு, வெறும் 5.

ஆகவே ஒருவர் இரவு முழுவதும் ஒழுங்காக மாட்டியிருந்து, மூச்சும் பல முறை நின்றிருந்தாலும், அவருக்கு 95 கிடைக்கலாம். வகுப்புக்கு ஒழுங்காக வந்ததற்கு 70 மதிப்பெண் கொடுத்து, தேர்வுத்தாளுக்கு 5 மதிப்பெண் வைத்தால் எந்தப் பெற்றோராவது ஒப்புக்கொள்வார்களா? புதிதாகத் தொடங்குபவர் மாஸ்க்கைத் தூக்கி எறியாமல் இருக்க அந்த மதிப்பெண் உதவுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. நோய் கட்டுப்பட்டதா என்று அறிய அது உதவாது.

ஆஸ்கர் என்று சொல்கிறார்களே, அது என்ன?

எஸ்டி கார்டில் உள்ள பதிவைக் கணினியில் வரைபடமாகக் காட்டும் இலவச மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகியவற்றில் ஓடும், கைப்பேசியில் ஓடாது. இதற்கு முன்னோடி ஸ்லீப்பிஹெட் என்ற மென்பொருள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மார்க் வாட்கின்ஸ் அதை எழுதி, மூல நிரலை எல்லோருக்கும் திறந்து வைத்திருந்தார். 2019 தொடக்கத்தில் அவர் அந்தப் பணியை நிறுத்திக்கொண்டபோது, பயனர்களே அந்த நிரலை எடுத்து, ஆஸ்கர் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். சிபேப் முறையும் ஆஸ்திரேலியாவில்தான் பிறந்தது: சிட்னியில் காலின் சலிவனும் அவருடைய சக மருத்துவர்களும் 1981இல் லான்செட் மருத்துவ இதழில் அதை முதன்முதலாக வெளியிட்டார்கள்.

ஆஸ்கர் பதிவைப் படிக்க மட்டுமே செய்யும். இயந்திரத்தின் எந்த அமைப்பையும் அது மாற்றாது, மாற்றவும் முடியாது. "அந்த சாப்ட்வேரைப் போட்டால் மிஷின் கெட்டுவிடும், வாரண்டி போய்விடும்" என்று யாராவது பயமுறுத்தினால், மென்பொருள் இயந்திரத்தைத் தொடுவதே இல்லை, கார்டைத்தான் தொடுகிறது என்று பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

கார்டை எப்படி எடுத்துப் பார்ப்பது?

காலையில் இயந்திரத்தை நிறுத்தி, அது எழுதி முடித்த பின் கார்டை எடுங்கள். கார்டின் ஓரத்தில் இருக்கும் சிறிய பூட்டை 'லாக்' பக்கம் தள்ளிவிட்டுக் கணினியில் செருகுங்கள். கணினி தன் பங்குக்கு ஏதாவது எழுதி வைத்தால், சில இயந்திரங்கள் அடுத்த இரவு கார்டு பழுது என்று சொல்லும். ஆஸ்கரில் பதிவு ஏறிய பிறகு, பூட்டைத் திறந்துவிட்டு, அன்று இரவுக்குள் மறவாமல் இயந்திரத்தில் திரும்பப் போட்டுவிடுங்கள். கார்டை மேசையிலேயே வைத்துவிட்டு உறங்கப்போனவர்கள் பட்டியலில் நான் முதல் ஆள்.

உங்கள் மாடலை ஆஸ்கர் படிக்குமா என்பதை அதன் ஆதரவுப் பட்டியலில் முதலில் பாருங்கள். ரெஸ்மெட்டின் ஏர்சென்ஸ் வகைகள் உண்டு. பயணத்துக்கான ஏர்மினியில் கார்டே கிடையாது. அதன் பதிவு ஆப்புக்கு மட்டுமே போகும். புது இயந்திரம் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: விலையைக் கேட்பதற்கு முன் கார்டு இருக்கிறதா என்று கேளுங்கள்.

வரைபடங்களைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எதை முதலில் பார்ப்பது?

கசிவை. மாஸ்க் ஓரமாகவோ வாய் வழியாகவோ காற்று கசிந்தால், மற்ற எண்கள் எதையும் நம்ப முடியாது. ஏர்சென்ஸில் நிமிடத்துக்கு 24 லிட்டர் என்பது எல்லைக்கோடு. கசிவு அதற்கு மேல் நீண்ட நேரம் நின்றிருந்தால் அழுத்தத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் மாஸ்க்கைப் பற்றிப் பேச வேண்டும். மீசை, தாடி, பழைய சிலிக்கான் மெத்தை, இரவில் வாய் திறந்துகொள்ளும் பழக்கம் ஆகியவையே பெரும்பாலும் காரணம்.

அடுத்து, நிகழ்வுகள் எப்போது வருகின்றன என்று பாருங்கள். ஏஹெச்ஐ 4 என்றால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நிகழ்வுகள் அனைத்தும் விடியற்காலை இரண்டு மணி நேரத்தில் கொத்துக் கொத்தாக வந்திருந்தால், அந்த நேரத்தில் மல்லாந்து படுத்திருக்கலாம், அல்லது கனவு உறக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்திருக்கலாம். சராசரி என்பது மறைப்பதற்கும் பயன்படும் கருவி. முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சராசரி கற்றுக்கொடுத்த நான் இதைச் சொல்கிறேன்.

மூன்றாவதாக, நிகழ்வின் வகை. அடைப்பால் வந்தவை அதிகமா, தொண்டை திறந்திருந்தபோதே வந்தவை அதிகமா என்று பாருங்கள். இரண்டாவது வகை தொடர்ந்து கூடிக்கொண்டே போனால், அது நீங்களாகத் தீர்க்க வேண்டிய விஷயம் அன்று. மருத்துவரிடம் போங்கள்.

நம் ஊருக்கே உரிய இரண்டு குழப்பங்களையும் சொல்லிவிடுகிறேன். மின்சாரம் போய்வந்த இரவுகளில் பதிவு துண்டு துண்டாக இருக்கும். அந்த இடைவெளிகளை மாஸ்க் கழன்றதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் இரவு ஷிப்ட் முடிந்து பகலில் உறங்குபவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. ரெஸ்மெட் இயந்திரத்துக்கு நாள் என்பது நள்ளிரவில் மாறுவதில்லை, நண்பகல் 12 மணிக்கு மாறுகிறது. காலை 9 மணிக்குப் படுத்து மாலை 4 மணிக்கு எழுபவரின் ஒரே உறக்கம் இரண்டு நாள் கணக்கில் பிரிந்து விழும். "நாலு மணி நேரம்கூட மாட்டவில்லை" என்று அறிக்கை சொன்னால், அவரைக் கடிந்துகொள்வதற்கு முன் இதைச் சரிபார்க்க வேண்டும்.

அழுத்தத்தை மாற்றும் மெனு எனக்கு ஏன் தெரிவதில்லை?

நோயாளிக்கு ஒரு மெனு, மருத்துவருக்கு ஒரு மெனு என்று இயந்திரத்தில் இரண்டு உண்டு. ஏர்சென்ஸ் 10இல் ஹோம் பொத்தானையும் திருகு பொத்தானையும் ஒருசேர மூன்று நொடி அழுத்திப் பிடித்தால் மருத்துவர் மெனு திறக்கும். கடவுச்சொல் எதுவும் கிடையாது. மருத்துவமனைகளுக்கான கையேட்டில் வெளிப்படையாக அச்சிடப்பட்டிருக்கும் இந்தத் தகவலைச் சிலர் குலதெய்வத்து மந்திரம்போலக் காப்பாற்றுவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

என் கதையையே சொல்கிறேன். முதலாண்டில் என் இயந்திரம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே, 4 முதல் 20 செ.மீ. நீரழுத்தம் வரை தானாக ஏறி இறங்கும்படி விடப்பட்டிருந்தது. படுத்தவுடன் 4இல் காற்றுப் போதாமல் மூச்சு முட்டும். நள்ளிரவில் ஏறிய அழுத்தத்தில் மாஸ்க் பிய்த்துக்கொள்ளும். விற்பனையாளரிடம் கேட்டபோது, அது கம்பெனி செட்டிங், தொடக் கூடாது என்றார். வந்து பார்க்கத் தனிக் கட்டணம் என்றும் சொன்னார். பிறகு ஆஸ்கரைக் கற்றுக்கொண்டு, என் அழுத்தம் பெரும்பாலான இரவுகளில் 9க்கும் 12க்கும் இடையில் நிற்பதைப் பார்த்து, அந்த வரைபடங்களை அச்செடுத்து டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, 8 முதல் 13 வரை என்று எழுதிக்கொடுத்தார். மாற்றியது அவருடைய சீட்டு. மாற்ற வைத்தது என் பதிவு.

அப்படியானால் அழுத்தத்தை நானே மாற்றிக்கொள்ளலாமா?

பார்ப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்க நாம் யாரிடமும் கேட்பதில்லை அல்லவா? மாற்றுவது வேறு. அழுத்தம் என்பது மருந்தின் அளவு போன்றது, அதை மருத்துவரோடு பேசித்தான் மாற்ற வேண்டும் என்பதே என் நிலை.

அழுத்தம் கூடினால் மூச்சு இன்னும் நன்றாக வரும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் சிலருக்கு அழுத்தம் கூடக்கூட, தொண்டை திறந்திருந்தும் மூச்சு நிற்கும் நிகழ்வுகள் பெருகுகின்றன. மேலே சொன்ன இரண்டாவது வகை இதுதான். அதைப் பார்த்து இன்னும் அழுத்தத்தைக் கூட்டினால் நிலைமை மோசமாகும். காற்றுதானே, என்ன கெடுதல் செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி: மூச்சுக்கு மூச்சு அழுத்தத்தை மாற்றும் ஏஎஸ்வி என்ற உயர்வகை இயந்திரத்தை, இதயத்தின் இறைக்கும் திறன் 45 விழுக்காடோ அதற்குக் கீழோ இருந்த இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் சோதித்தபோது, இதய நோயால் இறப்பவர்கள் கூடினார்கள் என்று 2015இல் வெளியான சர்வ்-ஹெச்எஃப் ஆய்வு காட்டியது. உங்களிடம் இருப்பது அந்த வகை இயந்திரம் அன்று. எனினும், இதயச் செயலிழப்போ நாள்பட்ட நுரையீரல் நோயோ பக்கவாதமோ வந்தவர்கள், ஆக்சிஜனையும் சேர்த்துப் பயன்படுத்துபவர்கள் ஆகியோர் மருத்துவர் மெனுவைத் திறக்கவே வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

மருத்துவரின் ஒப்புதலோடு மாற்றும்போதும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு வாரமாவது பொறுத்திருந்து பாருங்கள். பழைய எண்களை முதலில் காகிதத்தில் குறித்து வையுங்கள். ஒரே இரவில் மாஸ்க், அழுத்தம், ஈரப்பதம் மூன்றையும் மாற்றிவிட்டு எது உதவியது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

தயங்காமல் நானே மாற்றக்கூடியவை எவை?

சுகத்துக்கான அமைப்புகள். படுத்தவுடன் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏறும் ராம்ப், ஈரப்பதம், சூடேற்றும் குழாய் இருந்தால் அதன் வெப்பநிலை, மாஸ்க்கின் வகை ஆகியவை நோயாளி மெனுவிலேயே இருக்கும். மூக்கு மாஸ்க்கிலிருந்து முழுமுக மாஸ்க்குக்கு மாறியவர்கள் இயந்திரத்திலும் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலரும் இதைச் செய்வதே இல்லை.

மூச்சு விடும்போது அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கும் வசதிக்கு 1, 2, 3 என மூன்று நிலைகள் உண்டு. இதை ஓரளவுக்குத்தான் சுகத்தின் கணக்கில் சேர்க்கலாம். 3இல் வைத்தால் வெளிமூச்சின்போது 3 செ.மீ. அழுத்தம் குறைவதால், சிலருக்குத் தொண்டை மீண்டும் அடைக்கலாம். மாற்றினால் அடுத்த நாளே பதிவைப் பாருங்கள்.

வேலூர் வெயிலில் ஈரப்பத அமைப்பு தனிப் பாடம். ஏர்சென்ஸ் 10 இயங்க வேண்டிய அறை வெப்பம் 35 டிகிரி வரை என்கிறது கையேடு. கத்திரி வெயில் நாளில் மாடி அறை இரவு பத்து மணிக்கும் அதைத் தொட்டு நிற்கும். அப்போது சூடேற்றத்தை நிறுத்திவிட்டு, ஈரப்பதத்தையும் இறக்கிவிடுங்கள். ஏசி போட்டு அறை குளிர்ந்தாலோ மார்கழியிலோ நிலைமை தலைகீழ்: குழாயில் நீர் கோத்து முகத்தில் சொட்டும். அப்போது ஈரப்பதத்தைக் குறைக்கலாம், அல்லது குழாய்ச் சூட்டைக் கூட்டலாம், அல்லது குழாயைப் போர்வைக்குள் விடலாம். நம் ஆழ்துளைக் கிணற்று உப்பு நீரை இயந்திரத்தின் ஈரப்பதத் தொட்டியில் ஊற்றினால் ஒரே வாரத்தில் வெள்ளைப் படிவு பிடிக்கும். காய்ச்சி வடித்த நீர்தான் அதற்கு ஏற்றது.

இயந்திரத்தின் மென்பொருளையே மாற்றி, விலை உயர்ந்த இயந்திரமாக்க முடியும் என்கிறார்களே?

முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். 2020இல் கொரோனாவின்போது வென்டிலேட்டர் பற்றாக்குறை வந்த வேளையில், ஏர்பிரேக் என்ற திட்டத்தினர் ஏர்சென்ஸ் 10இன் உள்மென்பொருளை மாற்றி, உயர்வகை இயந்திரங்களில் மட்டும் இருந்த முறைகளை அதில் இயக்கிக் காட்டினார்கள். ஒரே பெட்டிக்குள் பல விலைகள் பூட்டப்பட்டிருக்கின்றன என்பதை அது வெளிச்சமாக்கியது. வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. இரவெல்லாம் முகத்தில் மாட்டியிருக்கும் கருவியில், சோதிக்கப்படாத மென்பொருளுக்கு இடமில்லை.

என் பதிவை நானே படிப்பது சட்டத்துக்கு விரோதமா?

இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு, மின்னணுப் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது என்பது உண்மை. ஆனால் பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் மட்டுமே அது குற்றம். உங்கள் மூச்சின் பதிவை நீங்கள் படிப்பதில் அந்த நோக்கம் எங்கிருந்து வரும்? அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இன்னும் கடுமையானது. அங்கே நோயாளிகள் விதிவிலக்குக் கேட்டுப் போராட வேண்டியிருந்தது. 2015இல் உடலுக்குள் பொருத்திய கருவிகளின் தரவுக்கு விதிவிலக்குக் கிடைத்தது. 2021இல் அது உடலுக்கு வெளியே உள்ள மருத்துவக் கருவிகளுக்கும் விரிந்தது.

சர்வரில் இருக்கும் தரவுக்கு, 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தரவின் சுருக்கத்தைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

மருத்துவமனையில் எடுத்த உறக்கப் பரிசோதனையின் அறிக்கையைக் கேட்டால் தருவார்களா?

தர வேண்டும். மருத்துவர்களின் நடத்தை குறித்த 2002ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளை வழங்க வேண்டும். எழுத்தில் கேளுங்கள், கொடுத்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். சுருக்கப் பக்கம் மட்டும் போதாது: எந்த அழுத்தத்தில் எந்த நிலையில் மூச்சு சீரானது என்ற அட்டவணையையும் சேர்த்துக் கேளுங்கள். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் சிகிச்சைக்காக வேலூர் வருபவர்களுக்கு இது இன்னும் அவசியம். ஊர் திரும்பிய பின் அவர்கள் காட்பாடி ஸ்டேஷனில் மறுபடி வந்து இறங்க இரண்டு நாள் ரயிலில் உட்கார வேண்டும். அட்டவணையும் எஸ்டி கார்டும் கையில் இருந்தால், உள்ளூர் டாக்டரே தொடர்ந்து பார்க்க முடியும்.

பதிவை டாக்டரிடம் காட்டினால் கோபித்துக்கொள்வாரா?

முப்பது பக்கத்தைக் கொண்டுபோய் மேசையில் போட்டால் கோபித்துக்கொள்வார், நியாயம்தான். ஒரு மாதச் சுருக்கம் ஒரு பக்கம், நல்ல இரவு ஒன்று, மோசமான இரவு ஒன்று, ஆக மூன்று பக்கம் போதும். "செட்டிங் தப்பு சார்" என்று தொடங்காதீர்கள். "காலையில் தலைவலி போகவில்லை, இந்த நேரத்தில் இப்படித் தெரிகிறது, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்" என்று தொடங்குங்கள்.

பழைய இயந்திரம் மலிவாக வருகிறது, வாங்கலாமா?

சீரியல் எண்ணைப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஒலியைக் குறைக்க உள்ளே வைத்த பாலியூரித்தேன் நுரை சிதைந்து காற்றில் கலக்கலாம் என்பதால், பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் பல மாடல்களைத் திரும்பப் பெற அறிவித்தது. அவற்றில் சில இன்னும் கைமாறிக்கொண்டிருக்கலாம். வாங்கினால் முந்தையவரின் பதிவை அழித்துவிட்டு, அவருடைய அழுத்தத்தில் ஒரு நாளும் உறங்காமல், உங்கள் சீட்டின்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

மோடத்தை அணைத்துவிடலாமா? என் உறக்கத்தை யாரோ பார்ப்பது பிடிக்கவில்லை.

விமானப் பயன்முறையில் போட்டால் தரவு வெளியே போவது நின்றுவிடும். சிகிச்சையும் கார்டில் பதிவதும் வழக்கம்போல நடக்கும். அமெரிக்காவில் மெடிகேர் காப்பீடு, 30 நாளில் 70 விழுக்காடு இரவுகளாவது நான்கு மணி நேரம் மாட்டியிருந்தால்தான் தொடர்ந்து பணம் கொடுக்கும் என்பதால், அங்கே மோடத்துக்கு வேறொரு கண்காணிப்பு வேலையும் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் கைக்காசு போட்டு வாங்குவதால் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் உங்கள் டாக்டர் தொலைவிலிருந்தே பதிவைப் பார்த்து அமைப்பை மாற்றுபவராக இருந்தால், அணைப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அடுத்த முறை போகும்போது கார்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.